ஸ்டென்ட் வைத்த இடத்தில் மீண்டும் அடைப்பு: கொலஸ்ட்ராலுக்கு இதில் என்ன பங்கு?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் என்ற உலோகக் கூட்டை வைக்கும் சிகிச்சை) முடிந்து வீடு திரும்பியவர்கள் கேட்பதில் பாதி கொலஸ்ட்ராலைப் பற்றி இருக்கும். மீதிப் பாதி, "திரும்ப அடைத்துக்கொள்ளுமா?" இரண்டையும் ஒரே கேள்வியாகக் கட்டிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. கொலஸ்ட்ரால் நன்றாகக் குறைந்தும் ஸ்டென்ட் சுருங்கியவர் "மாத்திரை தின்று என்ன பயன்?" என்று கோபப்படுகிறார். ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது என்று கேட்டவர் "இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறார். இரண்டு முடிவும் தவறு. ஏன் தவறு என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

ஸ்டென்ட் வைத்த இடம் ஏன் திரும்பச் சுருங்குகிறது? கொலஸ்ட்ரால் மறுபடி படிவதாலா?

முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் சுருங்கினால் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் காரணமில்லை. காயம் ஆறிய விதம்தான் காரணம்.

நம் மனதில் இருப்பது உப்புத்தண்ணீர் ஓடும் குழாயின் படம். உள்ளே படிந்ததைச் சுரண்டி எடுத்தாயிற்று, தண்ணீர் மாறாவிட்டால் மறுபடியும் படியும் என்று நினைக்கிறோம். ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டியில் பொதுவாக எதையும் சுரண்டி எடுப்பதில்லை. பலூனை உள்ளே கொண்டுபோய், கார் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் ஊதி, கொழுப்புத் திட்டைச் சுவரோடு சேர்த்து நசுக்குகிறார்கள். திட்டு பிளக்கிறது, ரத்தக்குழாயின் உட்படலம் கிழிகிறது, நடுப்படலம் இழுபடுகிறது. வழி திறக்க வேண்டுமென்றால் இந்தக் காயம் ஆகித்தான் தீர வேண்டும்.

உடலுக்கு அது சிகிச்சை என்று தெரியாது. காயமாகவே எடுத்துக்கொள்கிறது. தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன, வெள்ளணுக்கள் கூடுகின்றன. அவை விடும் சமிக்ஞையில், நடுப்படலத்தில் சும்மா கிடந்த மென்தசைச் செல்கள் பெருகி உள்பக்கமாக நகர்கின்றன. தங்களைச் சுற்றி நார்ப்பொருளைச் சுரந்து ஒரு புதுப்படலத்தைக் கட்டுகின்றன. இது கொஞ்சமாக வளர்ந்தால் நல்லது. ஸ்டென்டின் கம்பிகளை மூடி, அவற்றின்மேல் ரத்தம் உறையாமல் காக்கும். அளவு மீறினால் அதுவே அடைப்பு. பழைய நாட்களில் சுருங்கிய இடத்தைச் சீவி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது தெரிந்ததும் இதுதான்: மென்தசைச் செல்களும் நார்ப்பொருளும் நிறைய, கொழுப்பு கொஞ்சம்.

பலூன் மட்டும் போட்ட காலத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன. இழுத்த சுவர் உடனே கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். சில மாதங்களில் குழாயே வெளிப்பக்கத்திலிருந்து சுருங்கிக்கொள்ளும். ஸ்டென்ட் என்ற உலோகக் கூடு இந்த இரண்டையும் நிறுத்திவிட்டது. புதுப்படலத்தை மட்டும் அதனால் நிறுத்த முடியவில்லை. சொல்லப்போனால் பலூனைவிட ஸ்டென்ட் அதைக் கூடுதலாகவே தூண்டுகிறது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது?

எந்தக் காலம் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் முதல் கரோனரி (இதய ரத்தக்குழாய்) ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். நோயாளிக்கு வயது 38. பத்து வருடம் கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமிலும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. முதல் ஆளுக்கு அமைந்த அதிர்ஷ்டம் பின்னால் வந்த எல்லோருக்கும் அமையவில்லை. பலூன் மட்டும் பயன்படுத்திய காலத்தில் ஆறு மாதத்துக்குள் 30 முதல் 50 சதவீதம் பேருக்குத் திரும்பச் சுருங்கியது. மருந்து தடவாத ஸ்டென்டில் அது 20 முதல் 30 சதவீதமாகக் குறைந்தது. இன்றைய மருந்து ஸ்டென்டுகளில் (செல் பெருகுவதை நிறுத்தும் மருந்து பூசியவை) 10 சதவீதத்துக்குக் கீழே.

இந்தக் கணக்கெல்லாம் ஆஞ்சியோகிராமில் குழாயின் விட்டம் பாதிக்கு மேல் குறைந்தால் 'சுருங்கிவிட்டது' என்று எடுத்துக்கொள்வதை வைத்து. அப்படிச் சுருங்கிய எல்லோருக்கும் நெஞ்சுவலி வருவதில்லை.

கொலஸ்ட்ராலைக் குறைத்து இதைத் தடுக்க யாருமே முயலவில்லையா?

முயன்றார்கள், நன்றாகவே முயன்றார்கள். 1980களின் கடைசியில் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்துகள் வந்தபோது எல்லோருக்கும் அந்த ஆசைதான். ஆய்வகத்தில் மென்தசைச் செல்களின் பெருக்கத்தையும் ஸ்டாட்டின் அடக்கியது. ஒரே மாத்திரையில் இரண்டு வேலை என்று எதிர்பார்த்தார்கள்.

பதில் 1994இல் வந்தது. அமெரிக்காவில் வெயின்ட்ராப் தலைமையில் 404 பேரிடம் லோவாஸ்டாட்டின் சோதிக்கப்பட்டது. ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தொடங்கி, தினம் இரண்டு வேளை 40 மி.கி. பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 42 சதவீதம் இறங்கியது. அன்றைய நிலையில் அது பெரிய இறக்கம். ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களின் சராசரி அடைப்பு 46 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 44. கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட பாதியாகியும் சுருக்கத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரு ஆய்வு தவறலாம் என்பதால் மற்றவர்களும் பார்த்தார்கள். பிராவாஸ்டாட்டினை வைத்து 695 பேரிடம் நடந்த பிரெடிக்ட் ஆய்வு 1997இல் வந்தது, பலனில்லை. ஃபுளுவாஸ்டாட்டினை வைத்து 1,054 பேரிடம் நடந்த ஃபிளேர் ஆய்வு 1999இல் வந்தது, சுருக்கத்தில் பலனில்லை. இந்த மூன்றும் பெரும்பாலும் பலூன் காலத்தவை என்பது உண்மைதான். ஆனால் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னவை இவை. முதல் மாதங்களில் நடக்கும் சுருக்கம் எல்.டி.எல். அளவைப் பார்த்து நடப்பதில்லை.

ஆனால் ஃபிளேர் ஆய்வில் ஒரு விஷயம் ஒட்டிக்கொண்டு வந்தது. மரணமும் மாரடைப்பும் சேர்த்துப் பார்த்தால் வெற்று மாத்திரைக் குழுவில் 4.0 சதவீதம், மருந்துக் குழுவில் 1.4 சதவீதம். பலூன் போட்ட இடம் மாறவில்லை, ஆள் மட்டும் பாதுகாப்பாக இருந்தார். அடுத்த கேள்விக்கு விதை இதுதான்.

சரி, அப்போது எனக்கு ஸ்டாட்டின் எதற்கு?

உங்கள் மற்ற ரத்தக்குழாய்களுக்காக. ஸ்டென்ட் காப்பது 20, 30 மில்லிமீட்டர் நீளத்தை மட்டும். மூன்று பெரிய கரோனரி குழாய்களும் அவற்றின் கிளைகளும் கொழுப்புத் திட்டுகளோடு அப்படியேதான் இருக்கின்றன.

இதை எண்ணிப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியான பிராஸ்பெக்ட். மாரடைப்பு அல்லது அதை ஒட்டிய நிலையில் வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 697 பேரை மூன்று வருடம் தொடர்ந்தார்கள். அவர்களில் 20.4 சதவீதம் பேருக்கு மறுபடி இதயப் பிரச்சினை வந்தது. சிகிச்சை செய்த இடத்தால் வந்தது 12.9 சதவீதம், வேறு இடத்தால் 11.6 சதவீதம் (சிலருக்கு இரண்டும்). ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அந்த இரண்டாவது பாதிதான் ஸ்டாட்டின் வேலை செய்யும் இடம்.

2002இல் வந்த லிப்ஸ் ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. முதல் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த 1,677 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஃபுளுவாஸ்டாட்டின் 80 மி.கி. கொடுத்து நான்கு வருடம் போலப் பார்த்தார்கள். பெரிய இதயப் பிரச்சினைகள் வெற்று மாத்திரைக் குழுவில் 26.7 சதவீதம், மருந்துக் குழுவில் 21.4. ஃபுளுவாஸ்டாட்டின் இந்தக் குடும்பத்திலேயே சாதுவான மருந்து. இன்று தரும் அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் அதைவிட நன்றாகவே குறைக்கும்.

ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது அதே ஸ்டென்டுக்குள் அடைப்பு என்கிறார்கள். இதுவும் காயம் ஆறியதாலா?

இல்லை. இங்கேதான் கொலஸ்ட்ரால் மறுபடி உள்ளே வருகிறது.

ஸ்டென்டுக்குள் வளர்ந்த புதுப்படலத்துக்கே காலப்போக்கில் கொழுப்பு நோய் பிடிக்கலாம். அதன்மேல் மூடும் உள்ளணுக்கள், குறிப்பாக மருந்து ஸ்டென்டில், முழு வலுவோடு இருப்பதில்லை, இடுக்குகள் கசியும். எல்.டி.எல். உள்ளே நுழைய, அதை வெள்ளணுக்கள் விழுங்கி நுரைச் செல்களாக மாற, புதிய திட்டு உருவாகிறது. அது வெடித்தால் மாரடைப்பு. இதை 'புதுத்தடிப்பு நோய்' என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் நியோ அதெரோஸ்கிளிரோசிஸ் என்பார்கள்.

2011இல் நகசாவா குழுவினர் இறந்தவர்களின் 406 ஸ்டென்ட் இடங்களை வெட்டிப் பார்த்து எழுதியது இந்தத் துறையில் பலரைத் திடுக்கிட வைத்தது. மருந்து ஸ்டென்டுகளில் 31 சதவீதத்தில் இந்தத் தடிப்பு இருந்தது, வெறும் உலோக ஸ்டென்டுகளில் 16 சதவீதத்தில். அதைவிட முக்கியமானது காலம். உலோக ஸ்டென்டில் அதன் இடைநிலை 2,160 நாள், சுமார் ஆறு வருடம். மருந்து ஸ்டென்டில் 420 நாள். அவர்கள் பார்த்தவை முதல் தலைமுறை மருந்து ஸ்டென்டுகள் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதுள்ளவற்றின் கம்பிகள் மெல்லியவை. அவற்றிலும் இது வருகிறது.

ஆக, ஒரே ஸ்டென்டில் இரண்டு நோய். முதல் வருடத்தில் தழும்பு, பிற்பாடு கொழுப்பு. 1994 ஆய்வு ஆறாம் மாதத்தோடு நின்றதால் இரண்டாவதை அது பார்க்கவே இல்லை. "கொலஸ்ட்ராலுக்கும் மறு அடைப்புக்கும் சம்பந்தமில்லை" என்று யாராவது அந்த ஆய்வைக் காட்டிச் சொன்னால், எத்தனையாவது மாதத்தைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கொழுப்பைக் குறைக்கும் எந்த மருந்துமே முதல் ஆறு மாதச் சுருக்கத்தைக் குறைக்கவில்லையா?

ஒன்று குறைத்தது, அதுவும் வேடிக்கையான ஒன்று. புரோபுகால் என்ற பழைய கொலஸ்ட்ரால் மருந்து. எல்.டி.எல்.லைச் சுமாராகத்தான் குறைக்கும். 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.லையும் சேர்த்துக் குறைத்துவிடும். காகிதத்தில் பார்த்தால் மோசமான மருந்து. ஆனால் கனடாவில் டார்டிஃப் குழுவினர் 317 பேரிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், சுருங்கிய இடங்களின் அளவு வெற்று மாத்திரைக் குழுவில் 38.9 சதவீதம், புரோபுகால் குழுவில் 20.7. அது வேலை செய்தது கொழுப்பைக் குறைத்ததால் அல்ல, ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்ததால் என்பதே பொதுவான விளக்கம். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டிக்கும் பக்க விளைவு இருந்ததால் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது அதற்கு முன்பே போய்விட்டது. பிறகு மருந்து ஸ்டென்ட் வந்ததும் யாரும் அதைத் தேடவில்லை.

மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்? ஃபோலிக் ஆசிட்?

மீன் எண்ணெய் முதலில் வந்த சிறு ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது. 1990களின் பெரிய ஆய்வுகளில் பலனில்லை. ஃபோலிக் ஆசிடின் கதை இன்னும் மோசம். 2001இல் ஒரு ஆய்வு, பி வைட்டமின்களோடு சேர்த்துக் கொடுத்தால் அது சுருக்கத்தைக் குறைக்கிறது என்றது. 2004இல் ஸ்டென்ட் வைத்தவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, அதே மாதிரிச் சேர்க்கை சுருக்கத்தைக் கூட்டுகிறது என்றது. கடைக்காரர் தருகிறார் என்று இவற்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் சுருக்கத்தைக் குறைத்தது எது?

செல் பெருகுவதை அந்த இடத்திலேயே நிறுத்தும் மருந்து. ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா தந்த சிரோலிமஸை ஸ்டென்டில் பூசினார்கள். 2002இல் வெளியான ரேவல் ஆய்வில் 238 பேர். ஆறாம் மாதத்தில் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்குச் சுருக்கம், மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. அந்தப் பூஜ்ஜியம் பின்னால் வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை என்றாலும் திசை மாறிவிட்டது.

யாருக்குச் சுருங்கும் என்று முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எந்தக் குழாய் என்று எழுதி, பக்கத்தில் '2.5 × 38' என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஸ்டென்டின் விட்டம், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். விட்டம் குறையக் குறைய, நீளம் கூடக் கூட, சுருங்கும் வாய்ப்பு அதிகம். 3.5 மி.மீ. குழாயில் அரை மில்லிமீட்டர் தழும்பு வளர்ந்தால் தாங்கும், 2.25இல் தாங்காது. குழாய் கிளை பிரியும் இடம், சுண்ணாம்பு படிந்து இறுகிய இடம், ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய இடம் இவையும் அப்படித்தான். ஸ்டென்ட் முழுதாக விரியாமல் போயிருந்தாலும் சிக்கல்தான்.

நோயாளியின் பக்கம் பார்த்தால், தொடர்ந்து முதலிடத்தில் வருவது சர்க்கரை நோய். பிறகு சிறுநீரகக் கோளாறு. இந்த வரிசையில் எல்.டி.எல். எங்கோ பின்னால்தான் நிற்கிறது.

எனக்கு எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) அதிகம். அது சுருக்கத்தைக் கூட்டுமா?

1990களின் சில ஆய்வுகள் எச்.டி.எல். குறைவானவர்களுக்குச் சுருக்கம் அதிகம் என்றன, வேறு சில இல்லை என்றன. இந்தச் சேர்க்கை நம் ஊரில் வயிறு முன்தள்ளிய, சர்க்கரை எல்லைக்கோட்டில் உள்ளவர்களிடம் சர்வசாதாரணம். அதனால் குற்றவாளி எச்.டி.எல்.லா, பின்னால் நிற்கும் இன்சுலின் எதிர்ப்பா (உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை) என்று பிரிப்பது கடினம். என் கருத்து, சர்க்கரையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். எச்.டி.எல்.லை உயர்த்த மருந்து தேடி அலைய வேண்டாம். அப்படி உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிந்தன.

லைப்போபுரோட்டீன்-ஏ பரிசோதனை எடுக்க வேண்டுமா?

வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். எல்.டி.எல். போன்ற துகளில் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருப்பது இது. அளவைத் தீர்மானிப்பது பரம்பரை. சாப்பாடும் நடைப்பயிற்சியும் அதைப் பெரிதாக மாற்றாது. தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிடச் சராசரியாகக் கூடுதலாக இருக்கிறது. டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மாரடைப்பு ஆபத்து கூடும் என்பது உறுதி. ஸ்டென்ட் சுருங்குவதோடு அதற்குள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஸ்டாட்டின் இதைக் குறைக்காது. அதிகமாக இருந்தால் செய்யக்கூடியது, எல்.டி.எல்.லை இன்னும் கண்டிப்பாக இறக்குவது.

ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்.டி.எல். எவ்வளவு இருக்க வேண்டும்? ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கிறதே?

55க்குக் கீழே (டெசிலிட்டருக்கு மி.கி. கணக்கில்). ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டி 2019இல் சொன்னது இது. கார்டியாலஜிகல் சொசைட்டி ஆஃப் இந்தியா 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு அதே எண்ணைத்தான் சொல்கிறது.

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' உங்களுக்கானது அல்ல. அது நோய் இல்லாதவருக்குப் போட்டது. ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 178, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 190. பல லேப்களில் எல்.டி.எல்.லை அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 178 − 36 − 38 = 104. பக்கத்தில் '130 வரை நார்மல்' என்று இருக்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது வேண்டியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இன்னொரு கழித்தலும் போட்டுப் பாருங்கள்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் 142. இது 85க்குக் கீழே வர வேண்டும். டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு இந்த எண்தான் நம்பகமானது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் முதல் கணக்கே செல்லாது.

மாத்திரை சாப்பிட்டும் 104 என்றால்?

முதலில், தினமும் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். இதைக் கேட்கச் சங்கடப்படக் கூடாது.

சாப்பிட்டும் அவ்வளவு என்றால், அடோர்வாஸ்டாட்டின் 20ஐ 40 ஆக்குவதால் மட்டும் காரியம் ஆகாது. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீத இறக்கம்தான். 104 என்பது 90களில் வந்து நிற்கும். அதே 20 மி.கி.யோடு எசிடிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால் 20 சதவீதம் போலக் குறையும், 80களின் தொடக்கத்துக்கு வரும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தருகிறார்கள். அதிலும் எட்டாதவர்களுக்கு பெம்பிடோயிக் ஆசிட் உண்டு. பி.சி.எஸ்.கே.9 ஊசிகள் எல்.டி.எல்.லைப் பாதிக்கும் மேல் குறைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒன்று போடுவதும் உண்டு, அதே பாதையில் வேலை செய்யும் இன்க்ளிசிரான் ஊசி ஆறு மாதத்துக்கு ஒன்று. விலைதான் தடை.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் எடுத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல். குறைவாக இருந்தது. நம்பலாமா?

முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் நம்பலாம். அதற்குப் பிறகு உடலின் அழற்சியால் கொலஸ்ட்ரால் தற்காலிகமாக இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும் வேண்டும்.

எல்.டி.எல். 50க்கு வந்துவிட்டது. நிறுத்தலாமா?

கூடாது. 50க்கு வந்ததே மாத்திரையால்தான்.

ஸ்டாட்டினால் உடம்பு வலி என்கிறார் அப்பா. சர்க்கரையும் வருமாமே?

தசை வலி உண்மையிலேயே சிலருக்கு வரும். ஆனால் எவ்வளவு என்பதில் 2020இல் வந்த சாம்சன் ஆய்வு கவனிக்கத்தக்கது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு, சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. அப்பா பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தம் இல்லை, வலி வலிதான். மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ பார்க்க வழி இருக்கிறது, டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், தசை பலவீனமாக இருந்தால் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை, ஏற்கெனவே எல்லைக்கோட்டில் உள்ள சிலருக்குக் கொஞ்சம் முந்தி வரும். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாரடைப்பைத் தடுக்கும் லாபம் அதைவிடப் பெரிது.

சுருங்கியிருந்தால் எப்படித் தெரியும்? வருடா வருடம் ஆஞ்சியோ எடுக்கலாமா?

பழைய தொல்லை மெல்லத் திரும்பும். மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், முன்பு நடந்த தூரத்தில் பாதியிலேயே மூச்சு வாங்குவது, தாடையிலோ இடது கையிலோ வலி. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி இல்லாமல் களைப்பு மட்டும் வரலாம். சிலருக்கு நேராக மாரடைப்பாகவே வருவதும் உண்டு.

தொல்லை இல்லாதவருக்கு வழக்கமாக ஆஞ்சியோ வேண்டாம். டிரெட்மில் சோதனைகூட வழக்கமாக வேண்டாம் என்பதைக் கொரியாவில் ஆபத்து அதிகமுள்ள 1,706 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சோதனை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பலனில் வித்தியாசமில்லை.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டென்டுக்குள் திடீரென ரத்தக்கட்டி உறைவது வேறு விஷயம். அது மாதக்கணக்கில் மெல்ல வளர்வதில்லை, நிமிடத்தில் வரும். ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெல் அல்லது டிகாகிரெலோர் போன்ற இன்னொன்றையும் சேர்த்துத் தருவது அதைத் தடுக்கத்தான். பல் பிடுங்கப் போகிறேன் என்று நீங்களாக அவற்றை நிறுத்தாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடைத்து வியர்த்தால் 108க்குக் கூப்பிடுங்கள்.

திரும்பச் சுருங்கினால் என்ன செய்வார்கள்?

பழைய ஸ்டென்டுக்குள் இன்னொரு மருந்து ஸ்டென்ட், அல்லது மருந்து பூசிய பலூன். இந்தப் பலூனை ஊதி எடுத்துவிடுவார்கள். உலோகம் தங்காது, மருந்து மட்டும் சுவரில் தங்கும். அதற்கு முன்னால் குழாய்க்குள் கேமரா போன்ற கருவியை விட்டு ஏன் சுருங்கியது என்று பார்ப்பது நல்லது. ஸ்டென்ட் விரியவில்லையா, தழும்பா, கொழுப்பா என்பதற்கேற்ப வைத்தியம் மாறும். பல இடங்களில், அடுக்கடுக்காகச் சுருங்கினால் பைபாஸ்.

சாப்பாட்டில் எண்ணெய், முட்டை, தேங்காய்?

சமையலுக்குத் தேங்காய் எண்ணெயை முதன்மையாக வைக்க வேண்டாம். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்.டி.எல்.லைச் சுமார் 10 மி.கி. கூட்டுகிறது. குழம்பில் போடும் இரண்டு கரண்டி தேங்காய்க்காக வீட்டில் சண்டை வேண்டாம். முட்டையும் அளவோடு இருக்கட்டும். டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர் எண்ணெயைவிடச் சோற்றின் அளவையும் காபியில் போடும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். மது டிரைகிளிசரைடை நேராக ஏற்றும். சாப்பாட்டை எவ்வளவு திருத்தினாலும் அது மாத்திரைக்கு மாற்றாகாது.

என் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

உங்களுக்கு ஆணாக இருந்து 55 வயதுக்கு முன்போ, பெண்ணாக இருந்து 65க்கு முன்போ இந்த நோய் வந்திருந்தால் கட்டாயம். பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் ஒரு லிப்பிட் புரொஃபைல், ஒருமுறை லைப்போபுரோட்டீன்-ஏ. யாருக்காவது எல்.டி.எல். 190ஐத் தாண்டினால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். இருபது வயதுப் பையன், ஒல்லியாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.